அமெரிக்க மக்கள் வாழ்வில் ஆர்ப்பும் ஆர்ப்புத் தலைமையும்

மக்கள் பலர் ஓரிடத்துக் கூடி, ஒரே காலத்தில், ஒரே குரலாக ஒலி எழுப்புதல் எல்லா நாட்டிற்கும் பொதுவான வழக்கம். போர்க்களத்திலும் திருவிழாவிலும் விளையாட்டு அரங்கிலும் அவ்வொலி இயல்பாக எழக் காண்கின்றோம். ஆயின், அவ்வொலிக்கெனச் சொற்களை முன்னரே யாத்து, கூட்டத்தைப் பயிற்றி, அதனை நடத்துதற்கு ஒரு தலைவரையும் தேர்ந்து, கல்வி நிலையங்களின் நிலைத்த அமைப்பாகவே ஆக்கிக்கொண்டமை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வாழ்வில் சிறப்பாகக் காணப்படுவது. இவ்வமைப்புத் தோன்றிய வகையையும் வளர்ந்த நெறியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வாராய்ச்சியினூடே ஒரு வினா மீண்டும் மீண்டும் எழக் காண்போம். கூட்டத்தின் குரலுக்கு முன் நிற்றற்கு உரியவர் யார் என்பதே அவ்வினா. விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினா ஓர் ஊரின் ஆட்சியையே மாற்றியதும் உண்டு.

1. சொல்லும் பொருளும்

இவ்வொலியை ஆங்கிலத்தில் 'சியர்' என்பர். அச்சொல்லின் வரலாறு சொல்லாராய்ச்சி வல்லார்க்குச் சுவை பயப்பது. பிற்கால இலத்தீனில் முகத்தைக் குறித்த 'காரா' என்னும் சொல், பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துட் புகுந்தது. ஆண்டும் அது முதற்கண் முகத்தையே குறித்தது. பின்னர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாட்டையும், அதன்பின் மனநிலையையும், அதன்பின் மகிழ்ச்சியையும் குறிப்பதாயிற்று. ஊக்கமூட்டும் கூட்டொலி என்னும் பொருள் பதினெட்டாம் நூற்றாண்டளவில் வந்து சேர்ந்தது. முகத்தில் தொடங்கிய சொல் குரலில் வந்து நின்றது என்க.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆர்த்தல் என்னும் வினையினின்று பிறந்த 'ஆர்ப்பு', சங்க நூல்களில் போர்க்களத்தும் விழாக்களத்தும் எழும் பேரொலிக்கு வழங்குகின்றது. ஆதலின், 'சியர்' என்பதனை ஆர்ப்பு என்றும், செய்தித்தாள்கள் 'சியர்லீடர்' என எழுதும் அவரை ஆர்ப்புத் தலைவர் என்றும் இக்கட்டுரையுள் வழங்குவாம்.

2. ஆர்ப்பின் தோற்றம்

1869 நவம்பர் 6ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்சுவிக் நகரில், ரட்கர்சு கல்லூரியாரும் பிரின்சிடன் கல்லூரியாரும் பந்தாடினர். கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற் கால்பந்துப் போட்டியாக அமெரிக்கர் கொள்வது இதுவே. இதில் ரட்கர்சு 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. பிரின்சிடன் மாணவர்க்கு அந்நாளிலேயே தமக்குரிய ஓர் ஆர்ப்பு இருந்தது என்றும், உள்நாட்டுப் போரின்போது அவ்வூர் வழியே சென்ற நியூயார்க்குப் படைப்பிரிவினரிடமிருந்து அதனைக் கற்றனர் என்றும் செவிவழிச் செய்தி கூறும். வாணம் சீறி எழுந்து, வெடித்து, கண்டோர் வியக்கும் ஓசைகளை அது முறையே போன்மை செய்தது. பொருளுடைய சொற்களால் அன்றி ஒலிக்குறிப்புகளால் அமைந்தது அவ்வார்ப்பு என்பது கருதத்தக்கது.

கான்சாசுப் பல்கலைக்கழகத்தின் 'ராக் சாக்' ஆர்ப்பும் இத்தகையதே. 1886இல் அப்பல்கலைக்கழக அறிவியற் கழகத்திற்காக வேதியியற் பேராசிரியர் பெய்லி அதனை அமைத்தார். புகைவண்டிச் சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் உருளும் தாளமே அதற்கு அடிப்படையாயிற்று என்பர். தொடக்கத்தில் அதன் தலைச்சொல் பொருளற்ற வெறும் அசையாக இருந்தது. பல்கலைக்கழகம் நிற்கும் குன்றிலுள்ள சுண்ணாம்புக் கல்லைக் குறிக்கும் சொற்கள் பின்னர் அவ்விடத்தைப் பெற்றன. அசையாகப் பிறந்தது ஊர்ப்பெருமை கூறும் சொல்லாக மாறிய இம்மாற்றம், வாய்மொழி வழக்கில் பாடம் திரியும் முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாம்.

ஆர்ப்பு இருந்தும் ஆர்ப்புத் தலைமை அப்போது தோன்றவில்லை. அது தோன்றியது 1898 நவம்பரில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலாகும். பிரின்சிடனில் பயின்ற தாமசு பீபிள்சு என்பார் ஆர்ப்பு வழக்கத்தை முன்னரே அங்குக் கொண்டு சென்றிருந்தார். அவ்வாண்டு மின்னசோட்டா அணி தொடர்ந்து தோற்றது. கூட்டத்தின் ஊக்கம் குன்றியதே காரணம் எனக் கருதிய மாணவர், ஆர்ப்பை நடத்தச் சிலரை முன்னிறுத்தினர். அவருள் ஜானி கேம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன் தோன்றி ஆர்ப்பை நடத்தினார். முதல் ஆர்ப்புத் தலைவர் என அவரையே வரலாறு குறிக்கின்றது.

3. தலைவர் வேண்டப்படுவது ஏன்?

ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அரங்கின் ஒரு முனையில் எழுந்த குரல் 170 மீட்டருக்கு அப்பால் இருப்போரை அடைய அரை நொடி ஆகும். அக்குரலைக் கேட்டு அவர் குரல் கொடுப்பின், தாளம் சிதைந்து வெற்றிரைச்சலே எஞ்சும். கண்ணால் காண்பதற்கோ அத்தகைய காலத்தாழ்வு இல்லை. எனவே, எல்லாரும் காணுமாறு ஒருவர் முன் நின்று கையசைத்தால் பல்லாயிரவர் குரலும் ஒருங்கே எழும். ஆர்ப்புத் தலைவர் தொழில் குரலால் நடப்பதுபோலத் தோன்றினும், உண்மையில் கண்ணுக்கு உரியது என்பது இதனால் பெறப்படும். உயரக் குதித்தல், கைகளை விறைப்பாக நீட்டுதல், வண்ணத்தாள் குஞ்சங்களை அசைத்தல் ஆகியவற்றின் பயனும் இதுவே.

டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் இம்முறை இன்னும் பழைய வடிவிலேயே நிலவுகின்றது. மாணவர் வாக்களித்துத் தேர்ந்த ஐவர் ஆர்ப்பை நடத்துவர். போட்டிக்கு முந்திய நள்ளிரவில் மாணவர் கூடி ஆர்ப்புப் பயில்வர். போட்டி முடியுமளவும் அவர்கள் நின்றுகொண்டே இருத்தல் மரபு. 1922 சனவரி 2ஆம் நாள் டல்லசு நகரில் நிகழ்ந்த போட்டியில், ஆட்டக்காரர் பலர் காயமுற்றபோது, பார்வையாளர் பகுதியிலிருந்த கிங் கில் என்னும் மாணவர் ஆட்ட உடை அணிந்து ஓரத்தில் காத்து நின்றார். அவர் களம் புகும் தேவை நேரவில்லை. ஆயினும், வேண்டும்போது உதவ ஆயத்தமாக நின்ற அவர் நினைவாகவே மாணவர் இன்றும் நிற்கின்றனர். ஆர்ப்பவர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். தாமும் ஆட்டத்தில் பங்குடையார் எனக் கருதுகின்றனர் என்பதனை இவ்வழக்கம் தெளிவாக்கும்.

4. ஆடவரும் மகளிரும்

தொடக்கத்தில் ஆர்ப்புத் தலைமை ஆடவர்க்கே உரியதாய், தலைமைப் பண்பின் அடையாளமாய் மதிக்கப்பட்டது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராய பிராங்க்ளின் ரூசுவெல்ட், ஐசனோவர், ரீகன் ஆகியோர் தத்தம் மாணவப் பருவத்தில் ஆர்ப்புத் தலைவராய் விளங்கியவர்களே. மின்னசோட்டாவில் மகளிர் இப்பணியில் இடம்பெற்றது 1923இல். இரண்டாம் உலகப் போரில் இளைஞர் படைக்குச் சென்றபின் மகளிர் தொகை மிகுந்தது. 1948இல் லாரன்சு எர்க்கிமர் என்பார் தேசிய ஆர்ப்புத் தலைவர் சங்கத்தை நிறுவிப் பயிற்சி முகாம்களை நடத்தலானார். அவற்றிற் பயில வந்தோருள் மகளிரே மிகுதி. அவர் குஞ்சத்திற்கு 1971இல் காப்புரிமையும் பெற்றார்.

மகளிர் கைக்கு வந்தபின் இப்பணியின் மதிப்பும் மாறியது. தலைமை எனப் போற்றப்பட்டது அழகுக் காட்சி எனக் கருதப்படலாயிற்று. பிற்காலத்தில் கரணமும் ஆள்மேல் ஆள் ஏறும் கோபுர அமைப்பும் சேர்ந்து, கடும் உடற்பயிற்சி வேண்டுவதாக வளர்ந்த பின்னரும் அக்கருத்து முற்றும் நீங்கிற்றில்லை. 2010இல் கனெக்டிகட் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, கல்வியில் ஆண் பெண் சமன்மை காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பல்கலைக்கழகத்தின் போட்டி ஆர்ப்புக் குழுவை விளையாட்டாகக் கணக்கிடல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது.

5. கிறிசுடல் சிட்டி நிகழ்ச்சி

ஆர்ப்புத் தலைமை வெறும் காட்சி அன்று என்பதனை ஐயமற நிறுவுவது டெக்சாசின் தென்பகுதியிலுள்ள கிறிசுடல் சிட்டி என்னும் சிற்றூரின் வரலாறு. பசலைக்கீரை விளைவிற்குப் பெயர்பெற்ற அவ்வூரின் உயர்நிலைப் பள்ளியில் மெக்சிக வழியினரான மாணவரே பெரும்பான்மையர். ஆயினும், ஆர்ப்புத் தலைவர் நால்வருள் மூவர் வெள்ளையராகவும் ஒருவரே மெக்சிக வழியினராகவும் இருத்தல் எழுதா விதியாக இருந்தது. தேர்ந்தவர் ஆசிரியர். 1969இல் மாணவர் இதனை எதிர்த்தனர். அவ்வாண்டே, பள்ளியின் விழா அரசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணின் பெற்றோருள் ஒருவரேனும் அப்பள்ளியில் படித்துத் தேறியவராதல் வேண்டும் என்ற விதியும் எழுந்தது. வயல்வேலைக்காக இடம்பெயர்ந்து வாழ்ந்த மெக்சிக வழியினருள் பள்ளிப்படிப்பை முடித்த பெற்றோர் மிகச் சிலரே. எனவே, அவ்விதி யாரை விலக்கிற்று என்பது சொல்லாமலே விளங்கும்.

1969 திசம்பர் 9ஆம் நாள் மாணவர் பள்ளியை விட்டு வெளியேறினர். இப்போது அவர் வேண்டியது ஆர்ப்புத் தலைமை மட்டும் அன்று. இருமொழிக் கல்வியும், தம் இனத்தாரின் வரலாற்றுப் பாடமும், தம் இனத்து ஆசிரியரும் வேண்டினர். 1970 சனவரியில் பள்ளி ஆட்சிக் குழு இணங்கியது. அத்திங்களிலேயே ஓசே ஆங்கெல் குத்தியேரசு முதலியோர் 'லா ராசா உனிதா' என்னும் கட்சியைத் தோற்றுவித்தனர். ஏப்பிரல் தேர்தலில் பள்ளிக் குழுவிலும் நகரவையிலும் அக்கட்சியார் வென்றனர். குத்தியேரசு பள்ளிக் குழுவின் தலைவரானார்.

இவ்வளவு பெரிய மாற்றத்திற்கு ஆர்ப்புத் தலைமை வித்தாயது ஏன்? ஆர்ப்பு 'நாம்' என்று சொல்லும் குரல். அக்குரலை எழுப்புவோர் ஒரு சாராரும், அதன்முன் நிற்போர் மற்றொரு சாராரும் ஆகின், 'நாம்' என்பது பொய்யாகின்றது. பாடநூலிலும் ஊதியத்திலும் மறைந்து நின்ற வேற்றுமை, வெள்ளிக்கிழமை இரவு ஆட்டக்களத்தில் ஊரார் அனைவர் கண்ணுக்கும் புலனாயிற்று என்பதே எம் கருத்து.

6. நகர விழாவும் பொறி ஆர்ப்பும்

தலைவரின்றி எழும் கொண்டாட்டமும் அந்நாட்டில் உண்டு. 1886 அக்டோபர் 28இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை திறக்கப்பட்டபோது, வணிக நிலைய ஊழியர் பங்கு விலைத் தந்திப்பொறியின் தாள்நாடாக்களைப் பலகணி வழியே வீசினர். எவரும் ஏவாத அச்செயல் பின்னர் நகரின் மரபாயிற்று. 1927இல் விமானி லிண்டுபெர்க்கும், 1969இல் நிலவிலிருந்து மீண்டோரும் அவ்வாறே வரவேற்கப்பட்டனர். தந்திப்பொறி வழக்கொழிந்த பின்னரும் தாள்மழை ஒழியவில்லை.

இதற்கு மறுதலையானது கூட்டமின்றி எழும் ஆர்ப்பு. 1950களில் சார்லி டக்ளசு என்னும் ஒலிப்பொறியாளர், பதிவுசெய்த சிரிப்பையும் கைதட்டலையும் விசைகளை அழுத்தி எழுப்பும் பெட்டி ஒன்றை அமைத்தார். தொலைக்காட்சி நாடகங்கள் பலவற்றில் மக்கள் கேட்ட சிரிப்பு அப்பெட்டியினுடையதே. 2020இல் பெருந்தொற்றினால் அரங்குகள் வெறுமையுற்றபோது, அடிப்பந்தாட்டக் குழுக்கள் பதிவுசெய்த ஆரவாரத்தை ஒலிபெருக்கியில் எழுப்பின. இருக்கைகளில் மக்கள் உருவம் எழுதிய அட்டைகளையும் நிறுத்தின. குரலும் இருந்தது, முகமும் இருந்தது. ஆயின் 'நாம்' என்று சொல்ல ஒருவரும் இலர்.

7. முடிவுரை

இறுதியாக ஒரு தீர்ப்பைச் சுட்டி இக்கட்டுரையை முடிப்பாம். பென்சில்வேனியாவில் உயர்நிலை ஆர்ப்புக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்படாத மாணவி ஒருவர், விடுமுறை நாளில், பள்ளிக்கு வெளியே, தம் கைப்பேசி வழியாகக் கடுஞ்சொற்களை எழுதினார். அதற்காகப் பள்ளி அவரை ஓராண்டு குழுவினின்று விலக்கிற்று. 2021 சூன் 23இல் உச்ச நீதிமன்றத்து நீதிபதியருள் எண்மர் அம்மாணவியின் பேச்சுரிமையை ஏற்றனர், ஒருவரே மறுத்தார். பலர் குரலை நடத்தப் பயின்றவர்க்குத் தனக்கென ஒரு குரலும் உண்டு என்பது அதனால் நிலைபெற்றது.

ஆர்ப்பில் பொருளுடைய சொல் சிறிதே. அதன் பொருள் சொல்லில் இல்லை. யார் கூடினர், யார் முன் நின்றனர், யார் விலக்கப்பட்டனர் என்பதில் உள்ளது. வாய்மொழி இலக்கியம் ஆராய்வோர் பாடத்தை மட்டும் எழுதிக்கொண்டு மீள்வாராயின், ஆர்ப்பின் ஓசையைப் பெற்று அதன் பொருளை இழந்தவராவர். முகம் என்னும் சொல்லே ஆர்ப்பென்னும் பொருள் பெற்ற வரலாற்றை முன்னர்க் கண்டோம். குரலை ஆராய்வோர் முகத்தையும் நோக்குதல் வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடமாகும்.