மூளைக்குள் செல்லும் நுண்குழாய்

உடலின் உறுப்புகளுள் தலைமை வாய்ந்தது மூளை. உடலின் எடையில் அஃது ஏறத்தாழ 50இல் ஒரு பங்கே. எனினும், உடல் ஏற்கும் உயிர்வளியில் 5இல் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. அவ்வுயிர்வளியைக் குருதி சுமந்து செல்கிறது. வாய்க்கால் அடைபட்டால் வயலில் உள்ள பயிர் சில நாள் தாங்கும். மூளையோ சில நிமிடமும் தாங்காது. குருதிக்கட்டி ஒன்று மூளையின் தமனியை அடைத்துக்கொள்ளின், அப்பகுதியின் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும். கையும் காலும் செயலிழக்கும், நாக்குத் தடுமாறும். இதனையே பக்கவாதம் என்பர். தமனி வெடித்துக் குருதி கசிவதாலும் இந்நோய் வருவதுண்டு. எனினும், அடைப்பினால் வருவதே மிகுதி.

அடைபட்ட வழியைத் திறப்பது எங்ஙனம்? மண்டையோடு என்னும் கோட்டைக்குள் இருக்கும் மூளையின் தமனிகள் நெடுங்காலம் கண்ணுக்குப் புலனாகவில்லை. போர்த்துகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்துநீரைச் செலுத்தி எக்ஸ் கதிரால் படமெடுக்க முயன்றார். தொடக்க முயற்சியில் நோயாளி ஒருவர் இறந்தார். மோனிஸ் அம்மருந்தைக் கைவிட்டு, வேறொன்றை ஆய்ந்து, 1927ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் வெற்றி கண்டார். மூளையின் தமனிகள் மரக்கிளைகள் போலப் படத்தில் தோன்றின.

வழி தெரிந்தது, அவ்வழியே செல்லும் கருவி வேண்டியிருந்தது. மாஸ்கோ நகரில் செர்பினென்கோ என்னும் அறுவை மருத்துவர், நுண்குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தித் தமனிக்குள் செலுத்தி, சிதைந்த இடத்தை அடைக்கும் முறையை வகுத்தார். 1974இல் அதனை உலகுக்கு அறிவித்தார். தமனிச் சுவர் வலுவிழந்து குமிழ்போல் புடைத்தலும் உண்டு. இத்தாலியரான குக்லியெல்மி, அக்குமிழினுள் மென்மையான பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி, மின்சாரத்தால் அதனைக் குழாயினின்றும் பிரித்துவிடும் முறையைக் கண்டார். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்டது.

இன்று அடைப்பை நீக்கும் முறையும் இவ்வழியினதே. மருத்துவர் தொடையின் மேற்பகுதியிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்னும் நீண்ட குழாயைச் செலுத்துவார். திரையில் தோன்றும் எக்ஸ் கதிர்ப் படமே அவருக்கு வழிகாட்டும். குழாய் மார்பையும் கழுத்தையும் கடந்து மூளையை அடையும். அதனுள்ளிருந்து விரியும் கம்பிவலை கட்டியைப் பற்றிக்கொள்ள, மருத்துவர் அதனை மெல்ல வெளியே இழுப்பார். சிலபொழுது உறிஞ்சியும் எடுப்பார். மண்டையோட்டைத் திறக்க வேண்டுவதில்லை.

இம்முறை எளிதில் ஏற்கப்பட்டதன்று. 2013இல் வெளியான மூன்று ஆய்வுகள் இதனால் பயன் காணவில்லை. ஆய்ந்தோர் சோர்வுறவில்லை, கருவியைத் திருத்தினர், பெருந்தமனியில் அடைப்புண்மையைப் படத்தால் உறுதி செய்து, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தனர். 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 500 நோயாளிகள் சேர்க்கப்பெற்றனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 19 பேரே மூன்று மாதங்களுக்குப் பின் பிறர் துணையின்றி வாழ்ந்தனர். இம்முறையையும் பெற்றோருள் 33 பேர் அவ்வாறு வாழ்ந்தனர். அதே ஆண்டில் வேறு ஆய்வுகளும் இவ்வுண்மையை உறுதிப்படுத்தின.

எனினும், இஃது எல்லார்க்கும் ஏற்ற மருத்துவமன்று. மிக நுண்ணிய தமனிகளின் அடைப்புக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. தமனிச் சுவர் கிழிதல் முதலிய இடர்களும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாகக் காலம் இன்றியமையாதது. பெருந்தமனி அடைபட்டால் நிமிடந்தோறும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் கணக்கிடப்பட்டது. ஆறு மணி நேரத்துக்குள் செய்வது சிறந்தது. தேர்ந்தெடுத்த சிலர்க்கு 24 மணி வரையிலும் பயன்தரும் என்பது 2018இல் வெளியான ஆய்வினால் விளங்கிற்று. அது கருதித் தாமதித்தல் தகாது.

வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், ஓய்வெடுத்தால் தெளியும் என்று காத்திராமல், நோயாளியை உடனே தக்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தமனிக்குள் குழாயைச் செலுத்துவது மருத்துவரின் கடமை. நோயாளியைக் காலத்தே அவரிடம் சேர்ப்பது அருகிலிருப்போரின் கடமை. வீட்டில் உள்ள சிறுவரும் இவ்வறிகுறிகளை அறிந்திருப்பின், ஓர் உயிர் காக்கப்படும்.