உத்தரவாதம் எதுவரை?

மலையேற்ற மேலங்கிக்கோ மிதிவண்டி ஓட்டத்திற்கான சிறப்பு உடைக்கோ நாம் செலுத்தும் பெருந்தொகையில் உத்தரவாதத்தின் விலையும் அடங்கும். அதன் எல்லையை வாங்கும் முன்பே அறிதல் நலம்.

உத்தரவாதம் பெரும்பாலும் தயாரிப்புக் குறைகளுக்கே உரியது. தையல் பிரிதல், ஜிப் பழுதாதல், நீர்புகாப் படலம் உரிதல் ஆகியன அத்தகையவை. விழுந்து கிழிந்த துணியும் நாட்பட்ட தேய்மானமும் பொதுவாக அதில் அடங்கா. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பதும் பல நிறுவனங்களில் உடையின் பயன்பாட்டுக் காலத்தையே குறிக்கும். வாங்கியவரின் ஆயுளை அன்று.

இவ்விடத்தில் உதவுவது பழுதுநீக்கும் சேவையே. அமெரிக்காவின் பேட்டகோனியா, தேய்ந்த உடையை நியாயமான கட்டணத்தில் சீர்செய்கிறது. பிரிட்டனின் ராஃபா, இலவசப் பழுதுநீக்கத்திற்குப் பெயர்பெற்றது. ஆயினும் அச்சேவை இந்தியாவில் கிடைக்குமா, அனுப்பும் செலவு யாரைச் சாரும், எத்தனை நாளாகும் என்பவற்றை முன்பே கேட்டறிவோம்.

ரசீதைப் பாதுகாப்போம், அது தொலைந்தால், பணம் செலுத்தியதற்கு வங்கிக் கணக்கு அறிக்கை துணைச்சான்றாகும். உடையைத் துவைத்தே அனுப்புவோம். இந்தியாவில் வாங்கிய பொருளுக்கு உரிய உத்தரவாதம் மறுக்கப்பட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.