மறதிநோயுற்ற பெற்றோரும் 2007ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கியது ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007’. பெற்றோர் மறதிநோய்க்கு ஆளாகும்போது இச்சட்டம் எவ்வெவ்விடங்களில் பயன்படாமல் போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மறதிநோய், முதியோர், பராமரிப்பு, பிள்ளைகள், மருமகள், தீர்ப்பாயம்.

முன்னுரை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குலைக்கும் பல நோய்நிலைகளின் பொதுப்பெயர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ஆல்சைமர் நோய். நோய் முற்றும்போது உணவூட்டவும் குளிப்பாட்டவும் வழிதவறிப் போகாமல் காக்கவும் ஒருவர் நாள் முழுதும் உடனிருக்க வேண்டியுள்ளது. இந்தியாவில் இப்பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தையே சார்ந்துள்ளது.

பராமரிப்பு என்பதன் பொருள்

சட்டத்தின் 2ஆம் பிரிவு உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றைப் பராமரிப்பில் அடக்குகிறது. தம் வருவாயாலோ சொத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவரே அதனைக் கோரலாம் என்கிறது 4ஆம் பிரிவு. மாதத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டலாகாது என்பது 9ஆம் பிரிவு. ஆக, இயலாமை என்பது பொருளில்லாமையாகவே கொள்ளப்படுகிறது. ஓய்வூதியம் பெறும் தந்தையொருவர், தாம் உண்டாரா இல்லையா என்பதை அறியாதவராக இருக்கக்கூடும். அவருக்குத் தேவைப்படுவது பணத்தினும் மேலாக உடனிருப்பு. அதனை அளக்கும் அளவுகோல் சட்டத்தில் இல்லை.

கடமைப்பட்டோரும் கவனிப்போரும்

‘பிள்ளைகள்’ என்பதில் மகன், மகள், பேரன், பேத்தி அடங்குவர், மருமகள் இல்லை. கடமை மகனுடையதாகவும் உழைப்பு மருமகளுடையதாகவும் அமையும் வீடுகள் பல. மருமக்களையும் உட்படுத்த முயன்ற 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா சட்டமாகவில்லை. எனினும், கடமைப்பட்டோர் பட்டியலை நீட்டுவது வேறு. கவனிப்பை உழைப்பாக ஏற்பது வேறு.

விண்ணப்பிக்கும் உரிமை

5ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயத்தை முதியவரே அணுகலாம். அவரால் இயலாதபோது அவர் அதிகாரமளித்த ஒருவரோ அமைப்போ அணுகலாம். மறதிநோய் முற்றியவருக்கு அதிகாரமளிக்கும் தெளிவே இராது. தாயைத் தனித்துக் கவனிக்கும் மகள், பொறுப்பைப் பகிராத உடன்பிறந்தார் மீது தம் உரிமையில் விண்ணப்பிக்க இப்பிரிவில் இடமில்லை. எஞ்சுவது, தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கும் வாய்ப்பு மட்டுமே. தாயின் பணத்தைத் தாய்க்கே செலவிடுவதிலும் சிக்கல் உண்டு. அதிகாரமளித்தவர் சித்தத் தெளிவை இழந்தால் முகவாண்மை முடிவுறும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அதிகாரப் பத்திரம் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது வலுவிழக்கிறது.

முடிவுரை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கொரு வழி காட்டுகிறது. தமக்கான சார்பாளரை முன்கூட்டியே எழுத்தில் நியமிக்கும் உரிமையை அதன் 14ஆம் பிரிவு வழங்குகிறது. ஆனால் அது மனநலச் சிகிச்சை தொடர்பானது. இத்தகைய முன்நியமனத்தை 2007ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சேர்ப்பதும், கவனிக்கும் பிள்ளையை விண்ணப்பதாரராக ஏற்பதும் இன்றியமையாதவை. கைவிடும் பிள்ளைக்கு 24ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை விதிக்கிறது. கைவிடாத பிள்ளைக்கும் சட்டம் துணைநிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.