ஒரு சொல் மாறியதால் வேறான கதை
ஜெயகாந்தன் இரு முறை சொன்ன சம்பவம்

தண்டவாளத்தில் ஒருவன் இறந்து கிடக்கிறான். “ரயிலில் அடிபட்டான்” என்கிறார் ஒருவர். “ரயில் முன் விழுந்தான்” என்கிறார் இன்னொருவர். “யாரோ தள்ளிவிட்டார்கள்” என்கிறார் மூன்றாமவர். கிடப்பது ஒரே உடல்தான். முதல் சொல்லில் அது விபத்து, அடுத்ததில் தற்கொலை, கடைசிச் சொல்லில் கொலை.

சிறுகதையும் இப்படித்தான். நடந்ததைப் பார்த்தவர் யார், அதற்கு அவர் வைத்த சொல் எது என்பதில் கதையின் போக்கே மாறிவிடுகிறது. இதற்கு அந்நிய நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. காலஞ்சென்ற ஜெயகாந்தன் ஒரே சம்பவத்தை இரு முறை எழுதிக் காட்டியிருக்கிறார்.

1966-ல் “ஆனந்த விகட”னில் அவருடைய “அக்கினிப் பிரவேசம்” வெளிவந்தது. மழை நாள். பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தியை, முன்பின் அறியாத ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவள் வாழ்வில் நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீடு திரும்பியவள் தாயிடம் சொல்லி அழுகிறாள்.

கதையின் உயிர் இனிமேல்தான். பெற்ற வயிறு பதறுகிறது, அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் தாய் சுதாரித்துக்கொள்கிறாள். மகள் மழையில் நனைந்து வந்ததற்காகக் கோபித்ததாகச் சொல்லிச் சமாளிக்கிறாள். ஊர் சொல்லக் காத்திருந்த சொல் “கெட்டுப்போனாள்” என்பது. தாய் அங்கே வைத்த சொல் “நனைந்தாள்”. பெண் பிழைத்துவிட்டாள்!

“கெட்டுப்போனாள்” என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் கெடுத்தவன் எங்கே? அவன் பெயரும் இல்லை, காரும் இல்லை. எல்லாம் அவளே செய்துகொண்டது போலத்தான் அந்தச் சொல் நிற்கிறது.

பிறகு தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊற்றியது தண்ணீர், ஆனால் தலைப்பில் இருப்பதோ அக்கினி. சீதை இறங்கிய நெருப்பை ஒரு குடும்பப் பெண் குளியலறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். தலைப்பு “மழை நாள்” என்றிருந்தால் இது ஏதோ ஒரு வீட்டுச் சமாசாரமாகப் போயிருக்கும்.

கதை வந்ததும் பெரும் சர்ச்சை எழுந்தது. முடிவை மாற்றி எதிர்க் கதைகளும் எழுதினார்கள். ஜெயகாந்தனோ தாமே மாற்றி எழுதினார். அதுதான் “சில நேரங்களில் சில மனிதர்கள்” நாவல். 1972-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்தது. லட்சுமியின் நடிப்பை நினைவு வைத்திருக்கும் பலர் மூலக் கதையைப் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நாவலில் தாய் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஊர் கூட அலறிவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா வீட்டில் ஒதுங்கிப் படித்து உத்தியோகத்துக்குப் போகும் கங்கா, வருஷங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் “அக்கினிப் பிரவேசம்” கதையைப் படிக்கிறாள். தன் தாய் செய்யத் தவறியதைக் கதையில் வரும் தாய் செய்கிறாள்!

இங்கே “அவள்” போய் “நான்” வந்துவிட்டது. சிறுகதையில் ஆசிரியர் வெளியே நின்றார். அதனால் தாயின் பக்கத்திலும் போய் நிற்க முடிந்தது. நாவலில் கங்காவே பேசுகிறாள். துரத்தப்பட்டவளின் கண்ணில் அந்தத் தாய் பெரியவளாகத் தெரிவாளா? அழுது புலம்பும் சாதாரண மனுஷியாகத்தான் தெரிகிறாள். தாய் பாத்திரம் சிறுகதையில்தான் உயர்ந்து நிற்கிறது. மகளின் வலியோ நாவலில்தான் முழுதாகத் தெரிகிறது. ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது.

தமிழ்ச் சங்க மலர்களுக்குக் கதை எழுதும் இளைஞர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். பிறகு, ஊரை விட்டு வந்த ஒருவனைப் பற்றி அவன் தகப்பனார் சொல்வதாக ஒரு பக்கம், அவனே சொல்வதாக ஒரு பக்கம் எழுதட்டும். தகப்பனார் பக்கத்தில் “ஓடிப்போனான்” என்று வரும். அவன் பக்கத்தில் “பிழைக்க வந்தேன்” என்று வரும்.