சிப்பாயின் தலைக்குக் கணக்கு உண்டா?

பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கிடங்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையொப்பம் உண்டு. காலணிக்கும் கம்பளிக்கும் பேரேடு உண்டு. ஆனால் குண்டை வெடிக்கச் செய்கிற மனிதனுடைய தலை, அவ்வெடியின் அதிர்ச்சியை எத்தனை முறை, எவ்வளவு கடுமையாகத் தாங்கிற்று என்பதற்கு மட்டும் நெடுங்காலமாக எந்த ராஜ்யத்திலும் கணக்கு இருந்ததில்லை. இக்குறையை நீக்கக்கூடிய சிறு கருவி ஒன்று நமது காலத்தில் உண்டாகியிருக்கிறது. அக்கருவியைப் பற்றியும், அதை முன்னிட்டு நம்மவர் கேட்க வேண்டிய நியாயத்தைப் பற்றியும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இது நமக்குத் தூரத்து விஷயம் அன்று. கும்பெனியார் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலையிலேயே இருந்தது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பல்லாவரமும் பரங்கிமலையும் இன்றும் பட்டாளத்தின் பேட்டைகளே. 1963-ம் வருஷத்தில் பரங்கிமலையில் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி இன்று பயிற்சிக் கழகமாக விளங்கி, ஆண்டுதோறும் நம் வாலிபர்களையும், 1992 முதல் யுவதிகளையும், ராணுவ அதிகாரிகளாக்கி அனுப்புகிறது. ஆயுதம் பயிலும் இடத்தில் வெடிச் சத்தம் கேட்காமல் இராது. பீரங்கிக்காரனுக்குக் காது மந்தம் என்பது பழைய காலத்திலேயே யாவரும் அறிந்தது. காதோடு நின்றதென்று எண்ணியதே தவறாயிற்று.

வெடி எவ்வாறு காயம் செய்கிறதென்று முதலில் பார்ப்போம். குண்டுச் சில்லு பட்டால் ரத்தம் வரும். அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெடித்த மாத்திரத்தில் சுற்றியுள்ள காற்று அழுந்தி, ஒலியினும் வேகமாக நாற்புறமும் அலைபோல் பாய்கிறது. அவ்வலை வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் ஒரு மனிதனைக் கடந்து சென்றுவிடுகிறது. தோலில் ஒரு கீறலும் விடாமல் காதுச் சவ்வையும் நுரையீரலையும் மூளையையும் அது உலுக்கக்கூடும். சுவரில் மோதித் திரும்புமாயின் அழுத்தம் பெருகும். நாலடி பின்வாங்கி நின்றாலோ வெகுவாகக் குறையும். எதிரியின் குண்டினால்தான் இது நேருமென்பதில்லை. தோளில் தாங்கிச் சுடும் கார்ல் கஸ்டாஃப் என்னும் 84 மில்லிமீட்டர்த் துப்பாக்கி இந்தியாவிலேயே 1976 முதல் செய்யப்படுகிறது. நமது காலாட்படையின் நம்பிக்கையான ஆயுதங்களுள் அது ஒன்று. அதை எதிரியின்மேல் சுடும்போதே, சுடுகிறவனும் பக்கத்தில் குண்டு நிரப்புகிறவனும் அதன் அழுத்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். ஆகையினாலேயே அமெரிக்கப் பட்டாளம் பயிற்சியில் ஒருவன் ஒரு நாளில் ஆறு குண்டுகளுக்கு மேல் சுடலாகாதென்று வரம்பு கட்டியிருக்கிறது.

முதல் உலக யுத்தத்திலே இந்த வியாதி பெயர் பெற்றது. 1915-ம் வருஷம் பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற வைத்தியர், குண்டு அருகில் வெடித்தபின் கண்ணும் நினைவும் கலங்கிய மூன்று சிப்பாய்களைப் பற்றி ‘லான்ஸெட்’ வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அது ‘குண்டு அதிர்ச்சி’ எனப்பட்டது. அது தேகத்தின் நோயா, மனத்தின் நோயா என்ற வாதம் எழுந்தது. மனத்தின் நோயென்றால் கோழைத்தனமென்று சொல்வதற்கு அதிக தூரமில்லை. அந்த யுத்தத்தில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்திற்காகவும் பிறவற்றிற்காகவும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ம் வருஷத்தில்தான் பிரிட்டிஷ் பார்லிமெண்டு மன்னிப்பளித்தது. அவர்களுள் சிலர் இந்நோய்க்கு ஆளானவர்கள் என்பது இப்போது பலராலும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. நமது தேசத்திலிருந்தும் சுமார் 13 லட்சம் பேர் அந்த யுத்தத்தில் ஊழியம் செய்தார்கள். ஊருக்குத் திரும்பியபின் தூக்கமின்றித் தவித்தவர்களையும், பேச்சற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களையும் கிராமத்தார் என்ன பெயரிட்டு அழைத்தார்களோ! கணக்கில் ஏறாத துன்பத்துக்குச் சரித்திரமும் இல்லை.

நூறு வருஷம் கழித்து, 2016-ல், அமெரிக்க ராணுவ வைத்தியக் கலாசாலையினர், வெடிக்கு ஆளாகிப் பின்னர் இறந்த சிப்பாய்களின் மூளையைச் சோதித்தார்கள். மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் எல்லைகளில், பிற நோய்களில் காணாத ஒரு வகைத் தழும்பைக் கண்டார்கள். உயிரோடிருப்பவர்களிடம் சாதாரண ஸ்கேன் படம் இதைக் காட்டுவதில்லை. 2020-ம் வருஷம் ஜனவரி 8-ல் இராக்கிலுள்ள அமெரிக்கத் தளத்தின்மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது, ஒருவருக்கும் தீங்கில்லையென்று முதலில் அறிவித்தார்கள். பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மூளைக் காயமென்று தெரியவந்தது. 2017-ல் சிரியாவிலுள்ள ராக்கா நகரத்தின்மீது ஐந்து மாதத்திற்குள் 35,000 குண்டுகள் சுட்ட ஒரு பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்களில் பலர், எதிரியின் அடி ஒன்றும் படாமலே, தலைவலியோடும் மனக்கலக்கத்தோடும் வீடு திரும்பினார்கள். தங்கள் பீரங்கியே தங்களைக் காயப்படுத்திற்று.

இதை அளப்பதற்கு வந்ததே நாம் கூறும் கருவி. அமெரிக்க சர்க்காரின் ராணுவ ஆராய்ச்சி இலாகா தூண்ட, ராச்செஸ்டர் தொழிற்கலாசாலையார் செய்த அளவுகருவிகள் 2011-ல் ஆப்கானிஸ்தானத்திலிருந்த சிப்பாய்களுக்கு அணிவிக்கப்பட்டன. தலைக்கவசத்தின் பின்புறம், மார்பு, தோள் என மூன்றிடத்தில் ஒவ்வொன்று. அழுத்தம் எவ்வளவு, எந்தத் திக்கிலிருந்து வந்தது என்பதை அவை குறித்துக்கொண்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளால் தெரிவிக்கும். சில வருஷத்தில் அவற்றை நிறுத்தியும் விட்டார்கள். கருவி காட்டும் எண்ணிலிருந்து இன்னான் மூளையில் காயம் உண்டென்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். பின்னர் சட்டசபை வற்புறுத்தவே, பழைய காரியம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்த ராணுவ இலாகா, சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்தை எச்சரிக்கை எல்லையாக வைத்தது. அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் இயல்பான அழுத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். புதிதாகச் சேருவோரின் அறிவுத் திறனைத் தொடக்கத்திலேயே சோதித்துக் குறித்துவைக்கவும் கட்டளையிட்டது.

இனி நமது தேசத்திற்கு வருவோம். 1999-ம் வருஷம் கார்கிலில் நமது பீரங்கிப் படையார் சுமார் இரண்டரை லட்சம் குண்டுகள் பொழிந்தார்கள். அக்குண்டுகளின் எண்ணிக்கையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வொரு குண்டும் புறப்பட்டபோது அதன் பக்கத்தில் நின்ற தலைகளின் எண்ணிக்கையை யார் சொல்வார்? அன்று அதை அளந்து வைக்கும் வழக்கம் எங்கும் இல்லை. இன்று கருவி இருக்கிறது. ஆதலின் இனி அச்சமாதானம் செல்லாது.

கணக்கு வைப்பது நடவாத காரியமோ என்றால், தாம்பரத்து ஆஸ்பத்திரி எதற்கேனும் சென்று எக்ஸ்ரே எடுப்பவரின் சட்டையைப் பார்த்தால் போதும். அதில் ஒரு சிறு பட்டை குத்தியிருக்கும். அவர் வாங்கிய கதிர்வீச்சை அப்பட்டை குறித்துக்கொள்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவருக்கும் அப்படியே. ஒரு வருஷத்தில் 30 மில்லிசீவர்ட், ஐந்து வருஷத்தில் 100 மில்லிசீவர்ட் என்று வரம்பு உண்டு; கணக்கு வைத்திருப்பதை எஜமானனின் கடமையாக 2004-ம் வருஷத்து விதிகள் விதிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு எழுதிவைக்கும் கணக்கை, கண்ணுக்குத் தெரியாத காற்றழுத்தத்திற்கு ஏன் எழுதிவைக்கலாகாது?

இக்கணக்கு வெறும் வைத்திய விஷயம் அன்று, ஜீவனத்தின் விஷயம். பரங்கிமலையில் தேர்ச்சி பெறுவோர் பெரும்பாலும் குறுகியகாலச் சேவை அதிகாரிகள். பத்து வருஷம், நீடித்தால் பதினான்கு வருஷம் ஊழியம் செய்து, சேவைப் பென்ஷனின்றி வீடு திரும்புவர். 2022-ல் ஏற்பட்ட அக்னிவீரர் திட்டத்திலோ ஊழியம் நான்கே வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிலைப்பதில்லை. பின்னால் நோய் தலைகாட்டினால், அது சேவையால் நேர்ந்ததென்று தீர்ந்தாலொழியப் பரிகாரமில்லை. வலிப்பு நோய் காரணமாக விலக்கப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் நல்ல தீர்ப்பொன்று சொல்லிற்று. பட்டாளத்தில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையாயின், அது சேவையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று ருஜுப்பிக்கும் பாரம் சர்க்காருடையது என்பதே அதன் சாரம். ஆனால் வேலையை விட்டுப் பல வருஷம் கழித்து, மறதியும் கோபமும் தூக்கமின்மையுமாய் வரும் நோய்க்கு இந்த அனுமானம் மட்டும் எவ்வளவு தூரம் துணை நிற்கும்? சென்னையிலுள்ள ராணுவத் தீர்ப்பாயத்தின்முன் அவன் வந்து நிற்கும்போது, ‘இன்ன தேதியில், இன்ன அளவு’ என்று பேசும் காகிதம் ஒன்று அவன் கையில் இருக்க வேண்டும். கோர்ட்டை அறிந்தவர்களுக்கு ஒரு காகிதத்தின் வலிமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆட்சேபம் சொல்வோர் உண்டு. சிப்பாய்க்குப் பயம் பிடித்துவிடும் என்பார்கள். தலைக்கவசம் அணிவித்தபோது பயம் பிடிக்கவில்லையே! செலவு என்பார்கள். ஒரு குண்டின் விலையையும் ஒரு மனிதனின் மூளையையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பார்க்கட்டும். கருவி பூரணமானதன்று என்பார்கள். மெய்தான், மார்பில் பட்ட அழுத்தமும் மூளையில் பட்ட அழுத்தமும் ஒன்றல்ல. 4 பவுண்டு என்பதும் காதுச் சவ்வை எண்ணி ஏற்பட்ட பழைய எல்லையே. எனினும் நோயைத் தீர்மானிப்பது வைத்தியர் வேலை; கருவியின் வேலை நடந்ததைக் குறித்துவைப்பது. குறிப்பே இல்லாவிடில் வைத்தியர் எதைக் கொண்டு ஆராய்வார்? ஓர் ஆட்சேபத்தை மட்டும் நாம் கனமாக எண்ணுகிறோம். சிவப்பு விளக்கு எரிந்தவனை உபயோகமற்றவனென்று ஒதுக்கி, உயர்வைத் தடுக்க இக்கணக்கு கருவியாகுமோ என்பது அது. அப்படியாயின் சிப்பாயே அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவான்.

ஆகையால் நாம் கேட்பது மூன்று. முதலாவது, ஆயுதம் பயிற்றுவிக்கும் ஆசான்களிடமிருந்து இது தொடங்க வேண்டும். மாணவன் சில கையெறி குண்டுகளை வீசிவிட்டுப் போகிறான். ஆசானோ கூட்டம் கூட்டமாக வருவோர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நிற்கிறான். இரண்டாவது, அக்கணக்கின் பிரதி சிப்பாயின் சொத்தாக, விடுதலைப் பத்திரத்தோடு அவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவனுக்குப் பாதகமாக அதை உபயோகிக்கலாகாது. மூன்றாவது, இவையெல்லாம் மேலதிகாரியின் தயவாக இராமல் விதியாக எழுதப்பட வேண்டும். கருவி செய்யக் கடல் கடக்க வேண்டியதில்லை. கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது; தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் ஏற்றுமதித் தொழில் வட்டாரம் இருக்கிறது.

செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் பிரதிநிதிகள் இந்தக் கேள்வியை அங்கே கிளப்புவார்களா? முன்னாள் சிப்பாய்களின் சங்கங்கள் மனு எழுதுமா? நேயர்கள் தங்கள் தெருவிலுள்ள பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம், இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும். அவர் சொல்லும் விடையோடு அம்மனு தொடங்கலாம்.