கடல் புளித்தால் கடற்பசு என்ன தின்னும்?

சிவில் படிக்கிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்ம எடமலைப்பட்டி புதூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டை தாண்டி மணமேல்குடிப் பக்கம் போக வேண்டும். ஆனால் நான் சொல்லப் போகும் சங்கதி, முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் நாம் எல்லோரும் படித்ததுதான்.

கோலி சோடா குடித்தால் நாக்கில் சுருக்கென்று இருக்கிறதல்லவா? கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. நம் லாரிகளும் ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் குடித்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பிஹெச் சுமார் 8.2, இன்று சுமார் 8.1. 'பூ, இவ்வளவுதானா!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிஹெச் என்பது மடக்கைக் கணக்கு. கால்குலேட்டரில் 10-க்கு 0.1 அடுக்கு போட்டால் 1.26 வரும். அதாவது ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடிவிட்டது! கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது, ஆனால் அமிலப் பக்கமாக நகர்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்ததை ராத்திரியில் அப்பாவிடம் சொல்வது வழக்கம். அவர் வெள்ளையடிக்கும் வேலை பார்ப்பவர். இதைச் சொன்னதும், "அப்ப கிளிஞ்சலுக்குத்தான்டா கேடு, அது சுண்ணாம்பாச்சே"ன்னாரு. அதேதான்! அமிலத்தன்மை கூடினால் சிப்பி, சங்கு, பவளம் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது.

புல்லின் கதை வேறு. பாக் விரிகுடாவில் ஏக்கர் ஏக்கராகக் கடற்புல் உண்டு. இது பாசி அல்ல; வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உள்ள செடி. இதைத்தான் கடற்பசு, மீனவர்கள் சொல்லும் ஆவுளியா, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேய்கிறது. அதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

கடல்நீரில் கரைந்துள்ள கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. அதிலிருந்து கார்பனை எடுக்கப் புல்லுக்குச் சக்தி செலவாகும். கரியமில வாயு கூடினால் சாப்பாடு சுலபமாகக் கிடைத்த மாதிரி! இத்தாலியில் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழியிட்டுக் கொண்டே இருக்கிறது. அங்கே கடற்புல் செழித்திருந்ததையும், இலைமேல் படியும் சுண்ணாம்புப் பாசி மறைந்துபோனதையும் 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

'அப்படியானால் நல்லதுதானே' என்று சிலர் எழுதுகிறார்கள். வளர்ச்சியை மட்டும் பார்த்து அப்படி எழுதுவது, வரவை எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போடுவது மாதிரி. மேய்ச்சலையும் பார்க்க வேண்டாமா?

வாழைப்பூவிலும் இளங்கொய்யாவிலும் துவர்ப்பு இருக்கிறதே, அது பீனால் வகைப் பொருள்கள். கடித்துத் தின்ன வருபவர்களை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். கடற்புல்லிடமும் அது உண்டு. இத்தாலியின் வல்கனோ தீவருகே இதே போன்ற வாயு ஊற்றுப் பக்கம் வளர்ந்த சைமோடோசியா என்ற கடற்புல்லில் இந்தப் பொருள்கள் குறைந்திருந்ததை 2012-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே இனத்தின் உறவுப் புற்கள் நம் பாக் விரிகுடாவிலும் இருக்கின்றன. துவர்ப்பு குறைந்தால் மீனும் பிறவும் அதிகமாக மேயலாம். இன்னொரு பக்கம், புல்லைக் கொறிக்கும் கடல் முள்ளெலிக்கு ஓடு சுண்ணாம்பு. அதன் பாடு திண்டாட்டம். யார் எவ்வளவு தின்பார்கள் என்ற கணக்கே மாறிவிடும்.

இதற்கு மேல், புல்லுக்கு வெயில் வேண்டும். இழுவலை அடிமண்ணைக் கிளறினால் தண்ணீர் கலங்கி வெளிச்சம் மறையும், வேரும் பெயரும். கடல் சூடாவது வேறு. கரியமில வாயு எவ்வளவு இருந்தாலும் இருட்டில் எந்தப் புல்லும் உணவு தயாரிக்காது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேனே! பகலில் புல் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் புல்வெளிக்குள் தண்ணீரின் பிஹெச் சற்று உயர்கிறது. இரவில் புல் சுவாசிக்க, மறுபடி இறங்குகிறது. பகல்பொழுதிலாவது அங்கே வாழும் சிப்பிக்கும் சங்குக்கும் கொஞ்சம் ஆசுவாசம். புல் போனால் கடற்பசுவின் தீனியோடு அதுவும் சேர்ந்தே போகும்.