'பிரௌன் அவுட்' என்னும் சொல்

விளக்குகள் முற்றிலும் அணைந்துவிடுவதைப் 'பிளாக் அவுட்' என்பர். அதனை ஒட்டிப் பிறந்த 'பிரௌன் அவுட்' என்னும் சொல் இருளுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட மங்கலைக் குறிப்பது. ஆயினும் அதன் பொருள் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது.

அமெரிக்காவில் 1945 பிப்ரவரி 1 முதல், நிலக்கரியை மிச்சப்படுத்தும் பொருட்டு விளம்பர விளக்குகளும் கடை முகப்பு விளக்குகளும் அணைக்கப்பட்டன. அப்போர்க்கால ஆணைக்கு இப்பெயரே வழங்கிற்று. பிலிப்பைன்ஸ் மக்களோ மின்சாரம் அறவே நின்றுபோவதையும் இவ்வாறே கூறுவர். ஹெலிகாப்டர் ஓட்டுவோருக்கு, சுழலும் இறக்கைகள் கிளப்பும் புழுதியில் தரை மறைந்துபோவதே பிரௌன் அவுட். 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் அத்தகைய புழுதியிடையே அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று தரையில் நின்ற விமானத்தின்மீது மோத, எண்மர் மாண்டனர்.

மின்பொறியியலில் இச்சொல் குறிப்பது மின்னழுத்தக் குறைவையே. உற்பத்தி போதாதபோது சில நாடுகளில் மின்நிறுவனங்கள் வேண்டுமென்றே அழுத்தத்தைச் சிறிது குறைப்பதுண்டு. நம் சிற்றூர்களில் காணும் 'லோ வோல்டேஜ்' அவ்வாறு எவரும் திட்டமிட்டதன்று. நீண்ட மெல்லிய கம்பிகளில் அளவுக்கு மீறிச் சுமை ஏறுவதால் விளைவது.

இழைவிளக்கில் அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். அதனால் கேடில்லை. இடர் மோட்டாருக்கே. அதன் திருப்புவிசை அழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் பெறவேண்டிய மோட்டாருக்கு 184 வோல்ட் மட்டுமே கிடைத்தால், அழுத்தம் ஐந்தில் நான்கு பங்காகும். திருப்புவிசையோ 64 விழுக்காடாகச் சுருங்கும். நீரிறைக்கும் சுமை பெரிதும் குறையாமையால் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். புறப்படவே இயலாமல் உறுமி நின்றால் நிலைமை இன்னும் மோசம். சுற்றுக்கம்பி விரைவில் சூடேறிக் கருகும். உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் செருகி வைக்கும் வழக்கம் இங்கேதான் உழவரின் பம்புசெட்டைப் பலிகொள்கின்றது. ஒரு மோட்டார் கூடுதலாக இழுக்கும் மின்னோட்டம் அதே கம்பியிலுள்ள அண்டை வயல்களின் அழுத்தத்தையும் தாழ்த்தும். பம்புசெட்டுடன் தக்க கெப்பாசிட்டர் இணைத்தால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறைந்து, அழுத்தம் சற்றே தேறும்.

ஆகவே களப்பணியாளர் புகாரைப் பதியும்போது 'மின்சாரம் இல்லை', 'அழுத்தம் குறைவு' என இரண்டையும் பிரித்தெழுதுதல் நன்று. முன்னதற்கு அறுந்த கம்பியைத் தேடவேண்டும். பின்னதற்கு, மோட்டார்கள் ஓடும் வேளையில், கம்பியின் கடைக்கோடியில் வோல்ட்மீட்டரை வைத்து அளக்கவேண்டும். நள்ளிரவில் மின்மாற்றியின் அருகே எடுத்த அளவு இதற்குப் பயன்படாது.